மெருகும் மெழுகும்

கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு தோழர் கேட்டார்: ‘ஞாயித்துக்கிழமையானா வண்டியக் கழுவி, தேய்ச்சு, மெழுகு போட்டு மூணு மணி நேரம் செலவழிக்கிறீங்களாமே? ஆள் வைக்கக் காசில்லையா, இல்ல காந்தியவாதி ஆயிட்டீங்களா?’ சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய மாருதி அது. அதற்கென்ன கோட்பாட்டு விளக்கம் சொல்ல முடியும்? ஆனால் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று சொல்லாமல் விட்ட பதில்தான் இது. காரை எப்படிக் கழுவுவது என்பதும் இதில் வரும். கையில் நடக்கும் காரியத்தை விட்டுவிட்டு அதன் அரசியலை மட்டும் பேசுகிற வழக்கம் நம்மிடம் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் சொற்கள். மெருகு, மெழுகு. ஓரெழுத்துதான் வித்தியாசம். ஒர்க்‌ஷாப்பில் இரண்டையுமே ‘பாலிஷ்’ என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் இரண்டும் எதிரெதிர்க் காரியங்கள். மெருகு எடுக்கிறது, மெழுகு சேர்க்கிறது. பாலிஷ் என்கிற களிம்புக்குள் அலுமினியம் ஆக்சைடு போன்ற பொடித்துகள்கள் இருக்கின்றன. அவை பெயிண்டின் மேல்தோலைச் சுரண்டி எடுக்கின்றன. வாக்ஸ் அந்தத் தோலின்மேல் படியவைக்கப்படும் இன்னொரு தோல். இந்த வித்தியாசம் தெரியாமல் மாதாமாதம் ‘பாலிஷ் போடுகிறவர்’ தன் வண்டியை மாதாமாதம் கொஞ்சம் தேய்த்துக் கரைத்துக்கொண்டிருக்கிறார்.

கரைப்பதற்கு அங்கே அதிகம் ஒன்றுமில்லை. இன்றைய காரில் தகரத்தின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான். நம் தலைமுடியின் கனம் சுமார் 70. ஷோரூம் வாசலில் நின்று ‘கார்’ என்று நாம் பார்த்து மயங்குவது முடியைவிட மெல்லிய இந்தத் தோலைத்தான். கீறல் விழுவதும் அதில்தான். தெருப்புழுதியில் கலந்திருக்கும் மணலின் குவார்ட்ஸ் கிளியர் கோட்டைவிடப் பல மடங்கு கடினமானது. புழுதி படிந்த பானெட்டை உலர்ந்த துணியால் ‘சும்மா ஒரு துடை’ துடைப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான். அடுக்ககங்களில் காலை ஐந்தரை மணிக்கு ஒரே துணியும் ஒரே வாளியுமாகப் பதினைந்து வண்டிகளைத் துடைக்கும் பையனுக்கு இது தெரியாது என்று நினைக்க வேண்டாம். பதினைந்தாவது வண்டிக்கும் தண்ணீர் மாற்றினால் ஏழு மணிக்கு முடிக்க முடியாது, அவ்வளவுதான்.

வெயிலில் பார்த்தால் இந்தக் கீறல்கள் சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்திவலை மாதிரி வட்டமாகத் தெரியும். வட்டமாகத் துடைத்ததால் வந்தவை என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன். அப்படியல்ல. கீறல்கள் எல்லாத் திசையிலும்தான் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் அதைச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகின்றன. நாம் நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும். வட்டம் வண்டியில் இல்லை, வெளிச்சத்துக்கும் பார்க்கிறவனுக்கும் நடுவில் இருக்கிறது. (வாசிப்புக் கோட்பாடு பற்றி இந்தப் பக்கங்களில் நாம் போட்ட சண்டைகள் ஞாபகம் வருகின்றன. இருக்கட்டும்.) ஆனால் கீறல் வண்டியில்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எனவே கழுவுவதின் முதல் விதி, தொடுவதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றிப் புழுதியை இறக்கிவிடுவது. இரண்டாவது, இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பூத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். அழுக்கான துணியை முதலில் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பூவில் முக்க வேண்டும். பாத்திரம் துலக்கும் சோப்பு வேண்டாம், அது இருக்கிற மெழுகையும் எடுத்துவிடும். கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும். சக்கரத்துக்குத் தனி வாளி, தனித் துணி. அந்தத் துணி மேலே ஏறவே கூடாது.

இங்கே நம் ஆட்கள் சட்டென்று நிமிர்ந்து உட்காருவார்கள். தலையிலிருந்து பாதம்வரை படிநிலை, பாதத்துக்குத் தனித் துணி! புருஷ சூக்தமே வாளியும் கையுமாக வந்து நிற்பதாக எனக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோன்றியது. அழுக்கு என்பது இடம் மாறிக் கிடக்கும் பொருள் என்கிற கருத்தை வைத்து மேரி டக்ளஸ் 1966இல் ஒரு புத்தகமே எழுதினார். அதையும் சேர்த்துக்கொண்டால் கட்டுரை தயார். ஆனால் அது பொய்யான கட்டுரையாக இருந்திருக்கும். சக்கரத்தில் பிரேக் தேய்ந்து உதிர்ந்த இரும்புத்தூள் இருக்கிறது. அது கதவில் பட்டால் கீறும். கூரைத் துணி சக்கரத்தில் பட்டால் சக்கரத்துக்கு ஒன்றும் ஆகாது, துணிக்குத்தான் கேடு. இந்தப் பிரிவினைக்குக் காரணம் உண்டு, சோதித்துப் பார்க்க முடியும், துணியை நன்றாக அலசினால் அது தீர்ந்தும் போகும். தீட்டுக்கு இந்த மூன்றும் கிடையாது.

தீட்டு எப்படிப்பட்டது என்று நான் கற்றுக்கொண்டதும் ஒரு காரை வைத்துத்தான். அப்பா பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் டிரைவராக இருந்தார். கருநீல அம்பாசடர். சம்பளம் ஓட்டுவதற்கு மட்டும். கழுவுவது, துடைப்பது, மாதம் ஒருமுறை மெருகேற்றுவது எல்லாம் ‘வண்டியோட சேர்ந்தது’. லீவு நாட்களில் என்னையும் கூட்டிப்போவார். பனியன் வேஸ்டில் ரப்பிங் பாலிஷைத் தொட்டுத் தேய்த்தால் துணி நீலமாகும். அந்தக் காலத்துப் பெயிண்டுக்குக் கிளியர் கோட் கிடையாது. வெயிலில் வெளுத்துச் செத்துப்போன நிறம்தான் துணியில் வரும், அடியிலிருந்து உயிருள்ள நீலம் வெளியே வரும். ‘லேய், வட்டம் போடாத. நேராப் போ, காத்து போற போக்குல போ’ என்பார் அப்பா. நேராகத் தேய்த்தால் விழும் மெல்லிய கீறல்கள் ஒரு கோணத்தில் பார்த்தால்தான் தெரியும் என்பது எனக்குப் புரிய இருபது வருஷம் ஆனது. இரண்டு நாளைக்கு அவர் நகக்கண்களில் நீலம் இருக்கும்.

வேலை முடிந்ததும் போர்ட்டிகோத் திண்டில் டீ வரும். திண்டிலேயே கவிழ்த்து வைத்திருக்கும் தனித் தம்ளரில். குடித்துவிட்டு அப்பாவே கழுவிக் கவிழ்க்க வேண்டும். அவர் கை பட்ட பானெட்டில், கதவுப் பிடியில், ஸ்டியரிங்கில் தீட்டு ஒட்டவில்லை. அவர் கை பட்ட தம்ளரில் ஒட்டியது. வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் ‘வண்டியக் கண்ணாடி மாதிரி வச்சிருக்கீங்களே’ என்று முதலாளியிடம் சொல்வார்கள். முதலாளி சிரிப்பார். தப்பாகச் சொல்லவில்லை அவர்கள். நல்ல மெருகு என்றால் தேய்த்த கையின் தடம் இருக்கக் கூடாது. தடம் இருந்தால் வேலை சரியில்லை என்று அர்த்தம்.

எம்.ஏ. முடித்த பிறகுதான் ரோலான் பார்த்தைப் படித்தேன். 1957இல் வெளிவந்த அவருடைய ‘தொன்மங்கள்’ நூலில் சித்ரோயன் டி.எஸ். காரைப் பற்றி ஒரு சிறு கட்டுரை உண்டு. அந்தக் காரின் பெயரைப் பிரெஞ்சில் உச்சரித்தால் ‘தேவி’ என்று ஒலிக்கும். கண்காட்சியில் ஜனங்கள் அதைத் தொட்டுத் தடவிப் பார்ப்பதை அவர் எழுதியிருப்பார். பிரமாதமான கட்டுரை, அதிலிருந்துதான் நாமெல்லாம் பொருட்களைப் படிக்கக் கற்றோம். ஆனால் எனக்கு வந்த கேள்வி வேறு: அத்தனை பேர் கைரேகையையும் சாயங்காலம் துடைத்தது யார்? அதே நூலில் சோப்புத்தூள் பற்றியும் கட்டுரை இருக்கிறது, துடைத்த ஆள் அதிலும் வரவில்லை. மார்க்ஸ் சொன்ன சரக்கின் மாயத்தில், சரக்கைச் செய்த உழைப்பு மறைகிறது. செய்து முடித்து விற்றும் ஆன பிறகு, அதை நாள்தோறும் புதிதுபோல வைத்திருக்கிற உழைப்பு இன்னும் ஒரு சுற்று அதிகமாக மறைகிறது.

மெருகேற்றும் முறையைச் சொல்லிவிடுகிறேன். கழுவி உலர்ந்த வண்டியில், கையை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொண்டு தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு விரலுக்குத் தெரியும். தார்த்துளி, இரும்புத்தூள், மரப்பிசின். கிளே பார் என்று களிமண் கட்டிபோல ஒன்று விற்கிறார்கள். சோப்புத் தண்ணீர் தெளித்து, அழுத்தாமல் அதை வழுக்கவிட்டால் இவற்றைப் பிடுங்கிக்கொள்ளும். கீழே விழுந்துவிட்டால் அந்தத் துண்டைத் தூர எறிய வேண்டியதுதான். பிறகு பாலிஷ். நிழலில், பானெட் சூடு ஆறிய பின், ஒரு சமயத்தில் இரண்டடிச் சதுரம். கையால் தேய்த்தால் ஓரிரு மைக்ரான் போகலாம். ஆழமான கீறலைப் போக்க முயலக் கூடாது. அதன் விளிம்புகளை மழுக்கிவிட்டால் வெளிச்சம் சிதறாது, கண் ஏமாந்துவிடும். நகத்தால் நெருடிப் பார்த்து நகம் மாட்டினால் அது பாலிஷின் வேலை அல்ல, பட்டி பார்த்து டிங்கரிங் செய்கிறவரின் வேலை. வருஷத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம்.

மெழுகு சுலபம். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற அளவு மெல்லிதாகப் பூச வேண்டும். கனமாகப் பூசினால் துடைக்கும்போது தோள்பட்டை போய்விடும், மினுக்கம் ஒன்றும் கூடாது. வெள்ளையாகப் பூத்ததும் விரலால் இழுத்துப் பார்த்து, சுத்தமாக வந்தால் மைக்ரோஃபைபர் துணியால் எடுத்துவிட வேண்டும். இதன்மேல் தண்ணீர் பரவாமல் முத்துமுத்தாகத் திரண்டு நிற்கும். நம் வெயிலில் சில வாரம் தாங்கும்.

டப்பாவில் ‘கார்னோபா’ என்று எழுதியிருக்கிறது. தனியாகப் பூச முடியாத அளவுக்குக் கெட்டியான மெழுகு அது. 80 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். அதனால் வேறு மெழுகும் எண்ணெயும் கரைப்பானும் சேர்த்து இளக்கியிருப்பார்கள். கார்னோபா ஒரு பனை. பிரேசிலின் வடகிழக்கில், சியாரா, பியாவூயி மாநிலங்களின் வறண்ட பூமியில் வளர்கிறது. படத்தைப் பார்த்தபோது திசையன்விளைப் பக்கம் எடுத்ததோ என்று நினைத்தேன். அதே விசிறி ஓலை, மட்டையில் அதே கருக்கு. நாம் பனையைக் கற்பக விருட்சம் என்பதுபோல அங்கே இதை வாழ்வின் மரம் என்கிறார்கள். ஓலையின் ஈரம் வெயிலில் போய்விடாமலிருக்க மரம் தனக்குத்தானே பூசிக்கொள்வதுதான் அந்த மெழுகு. நீண்ட கழியின் நுனியில் அரிவாள் கட்டி ஓலையை அறுக்கிறார்கள். வெயிலில் காயப்போட்டு அடித்தால் மெழுகு தூளாக உதிரும். அதை உருக்கி வடிகட்டுகிறார்கள். காருக்கு மட்டுமல்ல, மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மினுமினுப்பு தருவது இதுவே. 2017இல் ஜெர்மனியின் ஏ.ஆர்.டி. தொலைக்காட்சி ஒரு மிட்டாய் நிறுவனத்தைப் பற்றிய ஆவணப்படத்தில் இந்தத் தோட்டங்களைக் காட்டியது. அறுப்பவர்கள் திறந்தவெளியிலும் லாரிகளிலும் படுத்து, ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் குடித்துக்கொண்டிருந்தார்கள். பிரேசில் 1888இல் அடிமைமுறையை ஒழித்த நாடு. அதன் தண்டனைச் சட்டத்தில் 149ஆம் பிரிவாக ‘அடிமைநிலைக்கு ஒப்பான நிலை’ என்றொரு குற்றம் இன்றும் இருக்கிறது. கார்னோபாக் காடுகளிலிருந்து அப்படி மீட்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

அந்த மெழுகைத்தான் நானும் பூசுகிறேன். தோழர் இதையும் கேட்கலாம், கேட்கட்டும். மெழுகே வேண்டாமென்றால் பெட்ரோலியத்திலிருந்து செய்த பூச்சுகள் இருக்கின்றன. அவற்றின் கதை வேறு மாதிரி. நான் கண்டுபிடித்த ஒரே வழி, மெல்லிதாகப் பூசுவது. ஒரு டப்பா மூன்று வருஷம் வருகிறது.

வீட்டில் இதற்கு வேறொரு விமர்சனம் உண்டு. ‘ஏங்க, நீங்க வண்டி கழுவுனா பொழுதுபோக்கு. நான் பாத்திரம் வெளக்குனா மட்டும் வேலையா? எனக்கு யாரும் ரெண்டு வாளி, மூணு துணின்னு வாங்கித் தரலையே’ என்றாள் மனைவி. அப்பா செய்தபோது அது சம்பளத்தில் சேராத சேவகம். அம்மா சாணி கரைத்து வீட்டை மெழுகியபோது அது கடமை. நான் செய்யும்போது பொழுதுபோக்கு. கை அசைவது ஒரே மாதிரிதான். எங்கள் ஊரில் பாத்திரத்தையும் விளக்குவோம், கருத்தையும் விளக்குவோம். இரண்டாவதைச் செய்கிறவன்தான் பத்திரிகையில் எழுதுகிறான். (அன்றிலிருந்து இரவுப் பாத்திரம் என் பொறுப்பு. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, விசாரித்தால் தெரிந்துவிடும் என்பதால் சொல்கிறேன்.)

தண்ணீரைப் பற்றியும் கேட்பீர்கள். ஹோஸைத் திறந்துவிட்டுக் கழுவினால் நூறு, இருநூறு லிட்டர் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். நான் சொன்ன முறைக்கு மூன்று வாளியும் முதலில் ஊற்றுகிற தண்ணீருமாக ஐம்பது லிட்டர் போதும். அதுவும் எப்போதும் நியாயமல்ல. 2019இல் சென்னையின் ஏரிகள் வறண்டு ஜனங்கள் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்தபோது என் வண்டி நாலு மாதம் புழுதியோடு நின்றது. பெங்களூரில் 2024 மார்ச்சில் குடிநீரால் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். போர்த் தண்ணீரானால் உடனே துடைத்துவிட வேண்டும். தானாகக் காயவிட்டால் உப்பு வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும், அதை எடுக்க மறுபடி பாலிஷ், மறுபடி ஒரு மைக்ரான்.

போன பொங்கலுக்கு அப்பா வந்திருந்தார். கார் கழுவும் ஷாம்பூவை முகர்ந்து பார்த்தார், விலையைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நான் மெழுகு எடுத்து முடித்ததும் எழுந்து வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பானெட்டைப் பார்க்கவேயில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, கதவைத் திறந்து, கீழ்ப்படியின் உள்விளிம்பில் விரலை ஓட்டி என்னிடம் காட்டினார். கருப்பாக இருந்தது.

‘லேய், இத யாரு பாப்பான்னு விட்டுட்டியோ?’

துணியைக் கேட்டு வாங்கினார். நான் தரவில்லை. குனிந்து துடைத்தேன்.