பூசணி இலை மஞ்சளானால் உரக்கடைக்கு ஓடாதீர்கள்!

ஆயுத பூஜை சந்தையைக் கணக்கிட்டு வைகாசியில் பூசணி விதை ஊன்றியிருக்கிறீர்களா? கொடி ஓடி, பூ எடுக்கும் நேரத்தில் ஒருநாள் காலை வயலுக்குப் போனால் நாலைந்து இலைகள் மஞ்சளாக நிற்கும். அதில் ஒன்றைப் பறித்துக்கொண்டு நேராக உரக்கடைக்குப் போகிறோம். பூச்சிமருந்து, பூஞ்சாணக்கொல்லி, நுண்ணூட்டம் என மூன்றையும் கலந்து அடிக்கிறோம். ஏதாவது ஒன்று கேட்காதா என்ற நம்பிக்கைதான். பல நேரங்களில் மூன்றுமே கேட்பதில்லை. கைக்காசு கரைவதோடு, காய் பெருக்க வேண்டிய நாட்களும் போய்விடுகின்றன.

பூசணியில் காய் பெருப்பது இலையின் தயவால்தான். அமெரிக்காவில் ஹாஃப் மூன் பே என்ற ஊரில் 2023-ம் ஆண்டு நடந்த போட்டியில் ஒரே ஒரு பூசணி 1,247 கிலோ எடை நின்றது. அந்த எடைக்கு வேண்டிய மாவுச்சத்தைச் சமைத்துக் கொடுத்ததும் இலைகள்தான். நம் வயலில் விளையும் ஏழெட்டு கிலோ காய்க்கும் அதே கணக்குதான். இலை பழுத்தால் காய் சிறுக்கும். ஆகவே, கீழ்பென்னாத்தூர், வேட்டவலம் பகுதி விவசாயிகள் மருந்து வாங்கும் முன் கொடியிடம் சில கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

மஞ்சள் எங்கே தொடங்கியது?

கொடியின் அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் முழுவதும் ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்து குறைவு. பெருமழைக்குப் பிறகு இப்படி ஆவது வழக்கம். விதைத்த 30-ம் நாள் குழிக்கு 10 கிராம் தழைச்சத்து, அதாவது சுமார் 22 கிராம் யூரியா, மேலுரமாகக் கொடுத்தீர்களா என்று பாருங்கள்.

அதே முதிர்ந்த இலைகளில் நரம்பு பச்சையாக நின்று, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம் பற்றாக்குறை. லிட்டருக்கு 10 கிராம் மக்னீசியம் சல்ஃபேட் கரைத்துத் தெளிக்கலாம். இலை ஓரம் மட்டும் மஞ்சளாகிக் கருகினால் சாம்பல்சத்து குறைவு.

நுனியில் உள்ள இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற பகுதி வெளிறி வந்தால் இரும்புச்சத்து எட்டவில்லை. சுண்ணாம்புத் தன்மையுள்ள நிலத்தில் இது அதிகம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு தெளிக்கலாம்.

காய் திரளும் நேரத்தில் கொடியின் அடியில் இரண்டு மூன்று கிழட்டு இலைகள் பழுப்பது இயல்பு. அதற்கு மருந்து வேண்டாம். சில பரங்கி ரகங்களில் இலை நரம்போரம் வெள்ளித் திட்டுகள் பிறவியிலேயே இருக்கும். விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவு போல ஒட்டினால்தான் சாம்பல் நோய்.

இலையைத் திருப்பிப் பாருங்கள்

விடிகாலைப் பனி காயும் முன் பார்ப்பது நல்லது. மேல்பக்கம் நரம்புகளுக்குள் அடைபட்ட கட்டம் கட்டமான மஞ்சள் புள்ளி, அதன் நேர் கீழே சாம்பல் பூத்த பூஞ்சாணம் இருந்தால் அது அடிச்சாம்பல் நோய். மேன்கோசெப் லிட்டருக்கு 2 கிராம் வீதம் 10 நாள் இடைவெளியில் இருமுறை தெளிக்க வேண்டும். மெல்லிய வலையும் ஊசி குத்தியது போன்ற புள்ளிகளும் தெரிந்தால் சிலந்திப்பேன்.

கந்தகத் தூள், தாமிரத் தூள் இரண்டையும் பூசணி வகைப் பயிர்களில் போடாதீர்கள். இலை கருகிவிடும்.

நரம்பே மஞ்சளானால்...

நுனி இலைகளில் நரம்புகள் மஞ்சளாகி, திட்டுத் திட்டாகத் தேமல் படர்ந்து, இலை சுருங்கிச் சிறுத்தால் அது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோய். இது நச்சுயிரியால் வருவது. இதைக் குணப்படுத்த மருந்தே கிடையாது. வளர்த்த செடியைப் பிடுங்க மனம் வராதுதான். ஆனால், அந்த ஒன்றை விட்டுவைத்தால் வயலே போய்விடும். கோணிப்பையால் செடியை மூடிப் பிடுங்கி, வயலுக்கு வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள். வரப்பில் வீசாதீர்கள். ஏக்கருக்கு 5 மஞ்சள் ஒட்டும் அட்டை வைத்து, வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி. சோப்புக் கரைசலுடன் கலந்து இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். அடுத்த போகத்தில் வயலைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் விதைத்துவிட்டுப் பூசணி போடுவது நல்லது.

வேரையும் பாருங்கள்

வெயிலில் கொடி துவண்டு, செடி மொத்தமும் வெளிறினால் கோளாறு மண்ணுக்குள் இருக்கிறது. வாடிய செடி ஒன்றை மண்ணோடு தோண்டுங்கள். வேர் அழுகி நாற்றம் வந்தால் தண்ணீர் தேங்கியிருக்கிறது, வடிகால் எடுங்கள். மணிமணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு; அடுத்த நடவில் குழிக்கு வேப்பம் புண்ணாக்கு இட்டு, பயிரையும் மாற்றுங்கள். வேரில் கடித்த தழும்பும் புழுவும் தெரிந்தால் செம்பூசணி வண்டின் வேலை. வேர் கெட்ட செடிக்கு இலையில் எந்த டானிக் அடித்தும் பயனில்லை.

எதைத் தெளித்தாலும் மாலையில் தெளியுங்கள். பூசணிப் பூ விடியலில் விரிந்து மதியத்துக்குள் மூடிவிடும். காலையில் மருந்தடித்தால் தேனீ வராது. தேனீ வராவிட்டால் பிஞ்சு பிடிக்காது.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தையோ, கீழ்நெல்லியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். போகும்போது ஒற்றை இலையை மட்டும் கொண்டுபோகாதீர்கள். முதிர்ந்த இலை, நுனி இலை, மண்ணோடு வேர் மூன்றும் பையில் இருக்கட்டும்.