விளக்குக் கரியும் ஊசியும்

வடசென்னையின் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் வயதான பெண்களின் கைகளிலும் முகத்திலும் பச்சை குத்தியிருப்பதை இன்னும் பார்க்கலாம். தாடையில் ஒற்றைப் புள்ளி, முன்கையில் புள்ளிக்கோலம், சிலருக்குக் கணவர் பெயர். செத்தாலும் கூடவே வரும் நகை இது ஒன்றுதான் என்று நம்பிய தலைமுறை அது.

பச்சை குத்தியவர்கள் பெரும்பாலும் குறத்திகள். தெருத்தெருவாக வருவார்கள், வலி தெரியாமலிருக்கப் பாடிக்கொண்டே குத்துவார்கள். அவர்கள் மை செய்த விதத்தை, 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தை நிர்வகித்த எட்கர் தர்ஸ்டன் எழுதிவைத்திருக்கிறார். மஞ்சள்தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, துணியில் தடவித் திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெயில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த புதுச்சட்டியில் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை. கரி கறுப்புதான், தோலுக்கடியில் போனதும் ஒளி சிதறி நீலம் கலந்த பச்சையாகத் தெரிகிறது. குத்திய இடத்தில் வீக்கம் வராமலிருக்க மஞ்சள் பூசுவது வழக்கம்.

வாசலில் போட்ட சிக்குக்கோலமே கையிலும் ஏறியது. இந்த ஒற்றுமையை ஆராய்ந்து ஜான் லேயர்ட் என்ற மானிடவியலாளர் 1937-ல் கட்டுரை எழுதினார். பின்னாளில் எம்.ஜி.ஆர். தொண்டர்கள் கட்சிக்கொடியைக் குத்திக்கொண்டார்கள். திருவிழாக் கடைகளில் மின்னூசி வந்தது. ஒரே ஊசியைப் பலருக்குப் பயன்படுத்தினால் மஞ்சள்காமாலையும் எச்.ஐ.வி.யும் பரவும் என்ற அச்சம், பச்சை பட்டிக்காட்டு வழக்கம் என்ற ஏளனம் இரண்டும் சேர்ந்து குறத்தியின் தொழிலை ஒடுக்கின.

வடதுருவப் பகுதியில் வாழும் இன்யூட் பெண்களும் விளக்குக் கரியால்தான் முகத்திலும் கையிலும் கோடுகள் குத்திக்கொண்டார்கள். அவர்களுடையது சீல் எண்ணெய் விளக்கு. கிறித்தவ மிஷனரிகளின் எதிர்ப்பால் வழக்கம் ஏறக்குறைய அற்றுப்போனது. ஏஞ்சலா ஹோவாக் ஜான்ஸ்டன் என்ற இன்யூட் பெண் 2016-ல் கனடாவின் குக்ளுக்டுக் ஊரில் பெண்களைக் கூட்டி அதை மீண்டும் தொடங்கினார். கையால் ஊசி குத்துவதும், மை தோய்த்த நூலைத் தோலுக்கடியில் தைத்து இழுப்பதும் மறுபடி பழக்கத்துக்கு வந்தன. இந்தியாவிலும் மணிப்பூரைச் சேர்ந்த மோ நாகா என்ற பச்சைகுத்தும் கலைஞர், நாகர் மூத்தோரிடம் கேட்டறிந்து அவர்களுடைய பழைய வடிவங்களை மீட்டுவருகிறார்.

சென்னை டாட்டூ கடைகளிலும் இளைஞர்கள் இப்போது கோலத்தையும் தமிழ் எழுத்தையும் விரும்பிக் குத்திக்கொள்கிறார்கள். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் இங்கே திரும்பி வந்திருப்பது வடிவம் மட்டும். இன்யூட் பெண்கள் குத்தும் கையையும் சேர்த்து மீட்டார்கள். குறத்தியின் பாட்டும் மைப்பக்குவமும் அந்தக் கடைகளுக்கு வந்து சேரவில்லை. கற்றுக்கொடுக்க அவரை யாரும் அழைத்ததாகவும் தெரியவில்லை.