வாட்டம் சரியானது!



எனக்கு வயது 55. எங்கள் வீடு 1993ல் மாமனார் கட்டியது. மாடியில் எட்டுக்குப் பத்தில் ஒரு சின்ன அறை. உடைந்த நாற்காலி, பழைய பாய், கல்யாணத்துக்கு முன் நான் எழுதிய கதை நோட்டுகள் போட்ட டிரங்குப் பெட்டி எல்லாம் அங்கேதான் கிடந்தன.

போன ஐப்பசி அடைமழையில் அந்த அறை ஒழுகியது. பக்கெட் வைத்துச் சமாளித்தோம். தை பிறந்ததும் கொத்தனார் வந்தார். சாமான்களை ஒழித்துக் கொடுத்தபோது பெட்டியைத் திறந்தேன். ஏழு நோட்டில் நான்கு ஊறி, மசி கரைந்து, ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். "பழைய பேப்பர்தானே, கடையில போட்டா போச்சு" என்றார் என்னவர். பொல்லாத மனுஷர் இல்லை. அதில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. முப்பது வருஷமாக நானும் சொன்னதில்லையே!

மொட்டை மாடியைப் பார்த்த கொத்தனார், "வாட்டம் சரியில்லம்மா. தண்ணி போக வழியில்லாம நின்னு நின்னு உள்ள எறங்கிருக்கு" என்றார். மழைநீர்க் குழாயின் வாயை வேப்பஞ்சருகு அடைத்திருந்தது. கைப்பிடிச் சுவர் இடுக்கில் ஓர் அரசங்கன்று முளைத்து, வேர் தட்டோட்டுக்குள் ஓடியிருந்தது. பழுதான ஓடுகளைப் பெயர்த்து, வாட்டம் பார்த்துத் திரும்பப் பதித்து, இடுக்குகளில் நீர்க்கசிவைத் தடுக்கும் திரவம் கலந்த சிமென்ட் பூசினார்கள்.

"ஏழு நாளைக்கு ஈரம் காயக் கூடாது. காய்ஞ்சா பூச்சு வெடிச்சுடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பொறுப்பு யாருக்கு? எனக்குத்தான். காலை, மதியம், சாயந்திரம் என்று மூன்று வேளையும் மாடி ஏறினேன். சாயந்திரம் தண்ணீர் விட்டுவிட்டு, வேப்பமர நிழலில் பத்து நிமிஷம் உட்காருவேன். மூன்றாம் நாள் கையில் ஒரு நோட்டு இருந்தது. கரைந்துபோன கதைகளில் ஒன்றை ஞாபகத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். ஏழு நாள் முடிந்தும் மாடி ஏறுவதை விட மனம் வரவில்லை.

அறைக்கு வெள்ளையடித்ததும் போட்டி. பெரியவன் தன் சாமான் வைக்கக் கேட்டான். என்னவர் வாடகைக்கு விடலாம் என்றார். நான் வாயைத் திறந்தேன். "அது எனக்கு வேணும். நாலரையிலிருந்து ஆறு வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க."

"அப்ப காபி?"

"பிளாஸ்க்ல இருக்கும்!"

எண்பது தாண்டிய என் மாமியார்தான் தீர்ப்புச் சொன்னார்: "அவ என்ன ஊர் சுத்தவா போறா? எழுதத்தானேடா போறா, விடு!"

பள்ளிக்கூடமே போகாத வை.மு. கோதைநாயகி அம்மாள் (1901-1960), தன் முதல் நாடகத்தைத் தோழியிடம் வாயால் சொல்லித்தான் எழுத வைத்தார். பிறகு நூறு நாவல்களுக்கு மேல் எழுதி, 'ஜகன்மோகினி' பத்திரிகையும் நடத்தினார். எழுதப் படிக்கத் தெரிந்த நாம் ஒன்றரை மணி நேரம் கேட்பதற்கு ஏன் கூச வேண்டும்?

நான் அனுப்பிய முதல் கதை திரும்பி வந்துவிட்டது. பரவாயில்லை, அடுத்தது பாதியில் இருக்கிறது. ரசம் சில நாள் ஆறித்தான் போகிறது. யாரும் பட்டினி கிடக்கவில்லை.

தோழியரே, ஐப்பசி வருமுன் குழாய் வாயில் சருகு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சுவரில் முளைக்கும் அரசங்கன்றைச் சின்னதிலேயே பிடுங்குங்கள். அப்படியே உங்கள் பழைய டிரங்குப் பெட்டியையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். உங்களுக்கென்று எதையாவது அதில் போட்டு மூடியிருப்பீர்கள். ஊறிப்போகும் முன் வெளியே எடுத்துவிடுங்கள்.

— ஒரு வாசகி, மன்னார்குடி.