இணைப்புக்கு வேண்டும் பிரமாணம்

மும்பையின் தாராவியிலும் செம்பூரிலும் வளர்ந்து, வாசியில் வண்டி மாறிக் கோபர்கைரனேயில் இறங்கி, மஹாபேயில் உள்ள மென்பொருள் அலுவலகங்களுக்குச் செல்லும் நம் தமிழ் இளைஞர்கள், தமக்குப் பின் வேலைக்கு வருவோருக்கென்று கையேடு எழுதுங்கால், விவரத்துக்கு இன்ன பக்கத்தைப் பார்க்க என்று இணைய இணைப்பு ஒன்றைச் சேர்த்துவிட்டு மேலே சென்றுவிடுகிறார்கள். அந்த ஒரு வரியில் அடங்கிய பொறுப்பு சாமானியமானதன்று.

பைத்தான் மொழியின் இரண்டாம் பதிப்பில், திரையில் ஒரு சொல்லைக் காட்டும் கட்டளைக்கு அடைப்புக்குறி வேண்டியதில்லை. 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அது கட்டாயம். 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு பழைய பதிப்புக்கு ஆதரவு நின்றுபோயிற்று என்றாலும், அந்தக் காலத்தில் யாரோ ஆர்வத்தோடு எழுதிவைத்த பாடங்கள் இன்றும் இணையத்தில் உலவுவதால், அவற்றுள் ஒன்றை நாம் காட்டிவிட்டால், அதை நம்பிப் புதிதாகக் கற்கவந்த பிள்ளை முதல் வரியிலேயே பிழைச்செய்தியைக் கண்டு, இந்த வித்தை தனக்கு வராது என்று மனம் சோர்ந்துவிடும். பிழை காட்டியவருடையது.

மூலம் வேறு, உரை வேறு என்று பகுத்துக் கற்பது நம் மரபு. மென்பொருளை ஆக்கியோரே வெளியிட்டுப் பராமரிக்கும் ஆவணம் மூலம். ஏனைய விளக்கங்கள் எல்லாம், எத்துணை இனியவையாயினும், உரையே. இணையத்தின் நெறிகளை வகுக்கும் ஆர்.எஃப்.சி. ஆவணங்கள் 1969 முதல் வெளிவருகின்றன. எண் பெற்று வெளியான ஒன்றின் வாசகத்தைப் பிறகு மாற்றுவதில்லை, திருத்தம் வேண்டுமாயின் புதிய எண்ணில் புதிய ஆவணமே பிறக்கும். சுட்டுவதற்கு இதனினும் உறுதியான பிரமாணம் அரிது.

ஆயினும் மூலமும் இடம்பெயர்வதுண்டு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஸ்தாபனம் 2010-இல் ஆரக்கிள் வசமானபின் ஜாவா கையேடுகளின் முகவரி மாறிற்று. மைக்ரோசாஃப்டின் ஆவணங்களோ 2016-இல் ஒரு தளத்துக்கும் 2022-இல் வேறொன்றுக்கும் குடிபெயர்ந்தன. 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளில் கிட்டாமற்போயின என்பது பியூ ஆய்வு நிலையம் 2024-இல் வெளியிட்ட கணக்கு.

ஆதலால், கையேடு எழுதும் தம்பி தங்கைகளே, கூடியவரை பதிப்பு எண் முகவரியிலேயே அடங்கிய மூலப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் தலைப்பையும் பார்த்த தேதியையும் அருகில் குறியுங்கள். 1996-இல் தோன்றிய இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அப்பக்கத்தின் நகலைச் சேமித்து, அந்த முகவரியையும் உடன் கொடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒவ்வோர் இணைப்பையும் நீங்களே திறந்து பாருங்கள்.