பழஞ் சித்திரக்கதை நூல்களும் அவற்றின் மதிப்பும்

பொழுதுபோக்குகள் பலதிறப்படும். தபால் முத்திரை சேர்ப்போர் உளர். பழைய நாணயம் தேடுவோர் உளர். கடற்கரையிற் சிப்பியும் சோகியும் பொறுக்குவோரும் உளர். இவை கற்றோரால் மதிக்கப்படும் பொழுதுபோக்குகள். ஆயின், சிறுவர் படித்துவிட்டு வீசியெறியும் சித்திரக்கதை நூல்களைத் தேடிச் சேர்ப்பதும் ஒரு பொழுதுபோக்கு என்றும், அதற்கெனத் தனி அளவுகோலும் விலைநூலும் ஏலக்களமும் உண்டு என்றும் கூறினால், எமது பழைய மாணவருட் சிலர் நகைத்தல் கூடும்.

நகைப்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. யாம் மாணவராயிருந்த காலத்தில், பாடப்புத்தகத்தின் நடுவே மறைத்துப் படித்த சித்திரக்கதை நூல் ஆசிரியர் கையிற் சிக்கினால் அது மீள்வதில்லை. வீட்டில் எஞ்சியவையோ ஆண்டிறுதியிற் பழைய கொப்பிகளுடன் சேர்த்து நிறுக்கப்பட்டுக் கச்சான் சுருட்டும் கடதாசியாயின. அன்று யாம் வருந்தியதெல்லாம் கதையின் முடிவைப் படிக்கவில்லையே என்பதற்காக மட்டுமே. ஆயினும், இவ்வாறு எவரும் பொருட்படுத்தாது எறிந்தமையே அத்தகைய நூல்கள் சிலவற்றுக்குப் பிற்காலத்திற் பெருவிலை தந்தது. அது எங்ஙனம் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். இப்பொழுதுபோக்குப் பெரிதும் வளர்ந்த நாடு அமெரிக்கா ஆதலின், அந்நாட்டு வரலாற்றையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

அமெரிக்கச் செய்தித்தாள்களின் ஞாயிறுப் பதிப்புகளில் வெளிவந்த சித்திரத் தொடர்களைத் தொகுத்து, மடித்துத் தைத்து, சிறு நூலாக விற்கும் வழக்கம் 1930ஆம் ஆண்டுகளில் வேரூன்றியது. 1934ஆம் ஆண்டிலே ‘பேமஸ் பன்னிஸ்’ என்னும் இதழ் 10 சத விலையிற் கடைகளுக்கு வந்தது. நான்கு ஆண்டுகளின் பின், 1938 யூன் எனத் திகதியிடப்பெற்ற ‘அக்சன் கொமிக்ஸ்’ முதலாம் இதழ் வெளியாயிற்று. ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இளைஞர் இருவர் படைத்த சுப்பர்மான் என்னும் வீரன் முதன்முதலில் மக்கள்முன் தோன்றியது அவ்விதழிலேதான். அவ்விருவரும் அக்கதையையும் அவ்வீரன்மீதிருந்த உரிமையையும் 130 டொலருக்கு விற்றுவிட்டனர். அடுத்த ஆண்டு மே மாதத்து ‘டிற்றெக்ரிவ் கொமிக்ஸ்’ 27ஆம் இதழிற் பற்மான் தோன்றினான். சேகரிப்போர் இக்காலத்தைப் ‘பொற்காலம்’ என வழங்குவர்.

‘அக்சன்’ முதலாம் இதழ் ஏறத்தாழ 2 இலட்சம் பிரதிகள் அச்சிடப்பட்டது என்பர். இன்று எஞ்சியுள்ளவை ஏறக்குறைய நூறு என மதிப்பிடுவர். ஏனையவை எங்கே சென்றன? சிறுவர் கைமாறிக் கைமாறிப் படித்துக் கிழித்தவை பல. விற்பனையாகாத இதழ்களின் அட்டையிலே தலைப்புப் பகுதியை மட்டும் கிழித்துத் திருப்பியனுப்பிப் பணம் பெற்றுக்கொண்டு, எஞ்சியதை வணிகர் கழித்தலும் வழக்கமாயிருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே பழங்கடதாசி திரட்டும் இயக்கம் நாடெங்கும் நடைபெற்றது. நாட்டுப்பற்றுடைய சிறுவர் தம் நூல்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தனர்.

போர் முடிந்தபின் வேறொரு புயல் எழுந்தது. இந்நூல்கள் பிள்ளைகளின் ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்னும் அச்சம் பரவியது. 1948ஆம் ஆண்டிலே நியூயோர்க் மாநிலத்துப் பிங்காம்டன் நகரிற் பாடசாலைப் பிள்ளைகளே சித்திரக்கதை நூல்களைக் குவித்துத் தீயிட்டனர். 1954இல் பிரடெரிக் வேர்தம் என்னும் மனநோய் மருத்துவர் இந்நூல்களைக் கண்டித்து நூலொன்று எழுதினார். அதே ஆண்டில் அமெரிக்க மேற்சபையின் உபகுழுவொன்று விசாரணை நடத்தியது. வெளியீட்டாளர்களும் தமக்குத் தாமே ஒரு தணிக்கை விதியை வகுத்துக்கொண்டனர். பெற்றோர் பலர் வீட்டிலிருந்தவற்றைக் குப்பையில் இட்டனர். படித்துக் கிழிந்ததும், நாட்டுக்காகக் கொடுத்ததும், நன்மை கருதி எரித்ததும் போக எஞ்சியவையே இன்று அரும்பொருள்களாயுள்ளன.

அச்சிறுவர் வளர்ந்து பொருளீட்டத் தொடங்கியதும், இழந்த நூல்களை மீண்டும் காண விழைந்தனர். 1970ஆம் ஆண்டிலே ரொபேட் ஓவர்ஸ்றீற் என்பார் இதழ்தோறும் விலை குறித்து ஒரு கைந்நூல் வெளியிட்டார். புதுக்கிப் புதுக்கி வெளியிடப்படும் அந்நூலே இன்றும் இத்துறையினரின் வழிகாட்டி. அதனை ஊன்றி நோக்குவார்க்கு, ஒரு நூலின் விலை மூன்று தூண்களின்மீது நிற்பது புலனாகும். அவை அருமை, வேட்கை, நிலை என்பன.

அருமை மட்டும் விலையைத் தருவதில்லை. ‘அக்சன்’ முதலாம் இதழிலும் அரிதாகிவிட்ட பழைய இதழ்கள் உள. அவற்றைத் தேடுவார் இன்மையின் விலையும் இல்லை. தேடுவாரின் வேட்கை பெரும்பாலும் ஒரு பாத்திரத்தின் முதற்றோற்றத்தைப் பற்றி நிற்கும். 1962 ஓகஸ்ற் மாதத்து ‘அமேசிங் பன்ரசி’ 15ஆம் இதழ் 12 சதத்துக்கு விற்கப்பட்டது. விற்பனை குன்றியமையால் நிறுத்தப்பட்ட ஓர் ஏட்டின் கடைசி இதழ் அது. ஆயின், ஸ்பைடர்மான் முதன்முதல் தோன்றியது அதிலேயாம். நன்னிலையிலிருந்த அதன் பிரதியொன்று 2021ஆம் ஆண்டிலே 36 இலட்சம் டொலருக்கு ஏலம்போயிற்று. அதற்கு ஒரு மாதம் முந்திய இதழையும் அதே கடையில் அதே விலைக்கு விற்றனர். இன்று அவ்விரண்டின் விலைக்கும் இடையேயுள்ளது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

மூன்றாவது தூணாகிய நிலை என்பது நூலின் உடல்நலம். மடிப்பு முதுகு வெடித்துளதா, மூலைகள் மழுங்கியுளவா, தைத்த கம்பி துருவேறியுளதா, தாள் வெண்மையா பழுப்பா, பக்கங்கள் யாவும் உளவா என்றெல்லாம் நோக்கி, 0.5 முதல் 10 வரை புள்ளி இடுவர். 2000ஆம் ஆண்டிலே தொடங்கிய சீ. ஜீ. சீ. என்னும் நிறுவனம் நூல்களைச் சோதித்துப் புள்ளியிட்டுத் தெளிந்த பிளாஸ்ரிக் உறையுள் அடைத்து முத்திரையிட்டுத் தருகின்றது. புள்ளியின் வலிமையை ஓர் உதாரணத்தாற் காட்டுவோம். 2010 பெப்ரவரியில் 8.0 புள்ளி பெற்ற ‘அக்சன்’ முதலாம் இதழ் 10 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டது. மறுமாதமே 8.5 புள்ளி பெற்ற வேறொரு பிரதி 15 இலட்சம் டொலர் பெற்றது. அரைப் புள்ளியின் விலை 5 இலட்சம் டொலர்! 2024ஆம் ஆண்டிலே 8.5 புள்ளிப் பிரதியொன்று 60 இலட்சம் டொலருக்கு ஏலம்போயிற்று.

இங்ஙனமாயின், கிழிந்ததை ஒட்டி மங்கியதற்கு வண்ணந் தீட்டினால் விலை உயராதோ எனின், உயராது; குறையும். திருத்தப்பட்ட நூலுக்கு வேறு நிறச் சீட்டு ஒட்டி அதனைத் தனியே பிரிப்பர். ஏட்டுச்சுவடியிற் சிதைந்த எழுத்துகளைத் தம் மனம்போல் இட்டு நிரப்பும் பதிப்பாசிரியரை எமது புலவர்கள் ஏற்றதில்லை, அதுபோன்றதே இதுவும். சிதைவு சிதைவாகவே நிற்றல் நேர்மை.

நேர்மையற்றோரும் இத்துறையில் உளர். ‘அக்சன்’ முதலாம் இதழை அதன் வெளியீட்டாளரே 1974ஆம் ஆண்டிலே பெரிய அளவில் மறுபதிப்புச் செய்து, மேலே தனி அட்டையொன்று இட்டு விற்றனர். மேலட்டையைக் கழற்றிவிட்டால் உள்ளே மூல இதழின் அட்டையே தோன்றும். அவ்வாறு கழற்றி, மூலம் எனக் கூறி விற்கப்பட்ட பிரதிகளால் ஏமாந்தோர் பலர். மூல இதழ் அளவிற் சிறியது என்பதை அறிந்தவனுக்கு ஓர் அடிக்கோலே போதும். அறியாதவனைப் பணம் காக்காது.

இனி, பேணும் முறையைச் சிறிது கூறுவோம். இது எவ்வகைப் பழந்தாளுக்கும் பொருந்தும். இந்நூல்கள் மரத்தை இயந்திரத்தால் அரைத்துச் செய்த மலிவான கடதாசியில் அச்சிடப்பட்டவை. மரத்திலுள்ள இலிக்னின் என்னும் பொருள் அக்கடதாசியில் நீங்காது எஞ்சும். ஒளியும் காற்றும் படுங்கால் அது பழுப்பேறும். அமிலம் விளைந்து நார்களை அறுக்கும். ஈற்றில் தாள் அப்பளம்போல் நொறுங்கும். ஆகவே அமிலமற்ற மட்டையொன்றை முதுகுத் துணையாக வைத்து, பொலியெஸ்ரர் உறையில் இட்டு, வெயில் படாத உலர்ந்த குளிர்ந்த இடத்திலே பெட்டியுள் நிமிர்த்தி வைத்தல் வேண்டும். மட்டையிலே கல்சியங் காபனேற்றுச் சேர்ந்திருப்பின் அது தோன்றும் அமிலத்தைத் தணிக்கும். மலிவான பீ. வீ. சீ. உறைகளும், கிழிசலின்மீது ஒட்டும் ஒட்டுநாடாவும் ஆகா. ஒட்டுநாடாவின் பசை காலப்போக்கில் தாளைக் கறைப்படுத்தும். ஈரக்காற்றும் கறையானும் இராமபாணப் பூச்சியும் மலிந்த எமது நாட்டில், மாதம் ஒருமுறையேனும் பெட்டியைத் திறந்து பார்த்தல் இன்றியமையாதது.

இதுவரை கூறியவற்றைக் கேட்ட மாணவர் சிலர், இன்று வெளிவரும் இதழ்களிற் பத்துப் பிரதி வாங்கிப் பூட்டிவைத்தால் முதுமையிற் செல்வராகலாம் என எண்ணுதல் கூடும். அவர்கள் இரு வரலாறுகளை ஒப்புநோக்குவாராக.

எட்கார் சேர்ச் என்பார் கொலராடோ மாநிலத்தில் வாழ்ந்த விளம்பர ஓவியர். ‘பொற்கால’ இதழ்களை வெளிவந்த காலத்திலேயே வாங்கி வீட்டில் அடுக்கிவந்தார். உயரமான அம்மாநிலத்தின் குளிர்ந்த வறண்ட காற்று அவற்றைக் காத்தது. 1977ஆம் ஆண்டிலே அவர் குடும்பத்தார் அவற்றை விற்க முன்வந்தபோது, சக் ரொசான்ஸ்கி என்னும் இளம் வணிகர் அங்கு கண்டவை 16,000க்கு மேற்பட்ட நூல்கள். பல அச்சகத்திலிருந்து அன்றே வந்தவைபோல் வெண்மை மாறாதிருந்தன. இன்றும் அத்தொகுதியைச் சேர்ந்த நூல் என்றாலே விலை உயரும். அவர் அவற்றை வாங்கிய காலத்தில் அவற்றுக்கு விலைநூலும் இல்லை, ஏலமும் இல்லை.

மற்றையது 1990ஆம் ஆண்டுகளின் கதை. பழைய இதழ்களின் விலையைக் கேள்வியுற்ற மக்கள், புதிய இதழ்களை முதலீடாக வாங்கத் தலைப்பட்டனர். 1991இல் வெளிவந்த ‘எக்ஸ்-மென்’ முதலாம் இதழ் 80 இலட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சாயிற்று. 1992இல் சுப்பர்மான் இறந்துபடும் இதழ் கரிய உறையிலிட்டு விற்கப்பட்டது. பலர் உறையைப் பிரிக்காமலே பூட்டிவைத்தனர். எல்லாரும் பேணிய பொருள் அரும்பொருளாவது எங்ஙனம்? சில ஆண்டுகளில் வணிகம் சரிந்தது. கடைகள் பல மூடப்பட்டன. 1996ஆம் ஆண்டு இறுதியில் மார்வெல் நிறுவனமே கடன் தீர்க்க வகையின்றி நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. அந்த ‘எக்ஸ்-மென்’ இதழ் இன்றும் சில டொலருக்குக் கிடைக்கின்றது.

இவ்விரண்டாலும் அறியத்தக்கது யாது? விலையை நோக்கிச் சேர்த்தோர் கடதாசியைச் சேர்த்தனர். விருப்பால் சேர்த்தவரோ பிறர் இழந்த ஒரு காலத்தைக் காத்துவைத்தார். விலை பின்னர் வந்து சேர்ந்தது. வராதிருப்பினும் அவருக்கு இழப்பு ஒன்றும் இல்லை. எனவே, இப்பொழுதுபோக்கில் இறங்க விரும்பும் மாணவர் தாம் விரும்பிப் படிப்பதையே சேர்ப்பாராக. ஒன்றுக்கு ஒரு பிரதியே போதும். தமிழிலே 1972ஆம் ஆண்டு சிவகாசியில் தொடங்கிய ‘முத்து காமிக்ஸ்’ இதழ்களையும், அதில் வந்த இரும்புக்கை மாயாவியையும் நினைவிற் கொண்டுள்ள பழைய மாணவர் எம்முள் உளர். அவர்தம் பெட்டியில் ஓர் இதழேனும் எஞ்சியிருப்பின் அதற்கு உறையொன்று இடுவது நன்று.

ஈற்றில் ஒன்று கூறி அமைவோம். எது குப்பை, எது செல்வம் என்பதை அவ்வக் காலத்தவர் சரியாக அறிவதில்லை என்பதே இவ்வரலாறு தரும் பாடம். எம்மவர்க்கு இப்பாடம் புதியதன்று. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. பின்னர் போராலும் இடப்பெயர்வாலும் வீட்டு அலுமாரிகளிலிருந்த நூல்களும் போயின. எமது கல்லூரி மலரின் பழைய இதழ்களுக்கு எந்த ஏலத்திலும் விலை இல்லை. ஆயினும், ஒரு மாணவனின் முதற் கவிதையும், மறைந்த ஓர் ஆசிரியரின் ஒரே நிழற்படமும் அவற்றிலன்றி வேறெங்கும் இல்லாதிருத்தல் கூடும். பழைய மாணவர்கள் தத்தம் வீட்டிலுள்ள பழங்கடதாசிகளை நிறுத்துக் கொடுக்குமுன் ஒருமுறை புரட்டிப் பார்ப்பாராக. இம்மலரின் முன்னை இதழ் எதுவும் கிடைப்பின், அதனைக் கல்லூரி நூலகத்துக்கு உதவுவாராக.