கம்பத்தடியில் அரை நிமிடம்

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையை ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய 2.5 கிலோமீட்டர். தனியாகப் போனால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். எங்கள் வீட்டு நாட்டு நாய் கருப்பனோடு போனால் முக்கால் மணி நேரத்தில் பாதிதான் தாண்டியிருப்போம். வழியில் ஒரு மின்கம்பம் வரும். அங்கே நின்றுவிடுவான். கயிற்றை இழுத்தால் நான்கு கால்களையும் ஊன்றிக்கொள்வான். மூக்கு நுனி மட்டும் துடித்துக்கொண்டிருக்கும்.

அந்தத் துடிப்பை எண்ணிப் பார்த்தேன், முடியவில்லை. நொடிக்கு 5 முறை முகரும் வேகம் அது. உள்ளே போகும் காற்று மூக்குக்குள்ளேயே இரண்டாகப் பிரிகிறது. பெரும்பகுதி நுரையீரலுக்கு. கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு தனிவழியாக மேலேறி, மூக்கின் பின்கோடியில் உள்ள ஒரு சந்தில் போய்த் தங்குகிறது. அங்கே மெல்லிய எலும்புத் தகடுகள் சுருள் சுருளாக மடிந்து கிடக்கின்றன. அவற்றின் மேல்தான் மோப்ப ஏற்பிகள், அதாவது வாசனைத் துகளைப் பிடித்து மூளைக்குச் சேதி அனுப்பும் நரம்பு செல்கள், படர்ந்திருக்கின்றன. நமக்கு இவை 50, 60 லட்சம். நாய்க்கு 20 கோடிக்கும் மேல்.

இதைவிட எனக்குப் பிடித்த நுட்பம் மூச்சை வெளியே விடுவதில் இருக்கிறது. நாம் விடும் மூச்சு வந்த வழியே திரும்பிப் போய், முகர்ந்துகொண்டிருந்த மணத்தையும் கலைத்துவிடும். நாயின் மூக்கில் இருபுறமும் வளைந்த கீறல் ஒன்று இருக்கிறதல்லவா? மூச்சு அதன் வழியாகப் பக்கவாட்டில் வெளியேறுகிறது. அந்த வீச்சே முன்னாலிருந்து புதுக் காற்றை மூக்கருகே இழுத்து வருகிறது. நாய் புழுதியில் முகரும்போது குனிந்து பாருங்கள்: மூக்குக்கு இரண்டு பக்கமும் தூசி பறக்கும்.

சரி, கம்பத்தில் என்னதான் இருக்கிறது? வந்துபோன நாய்கள் விட்டுச் சென்ற சிறுநீர். ஆணா பெண்ணா, பெண் நாய் சினைப்படும் பருவத்தில் இருக்கிறதா, வந்துபோய் எவ்வளவு நேரமாயிற்று என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். கருப்பன் சில சமயம் அதை நக்கிவிட்டுப் பற்களைக் கிடுகிடுவென்று அடித்துக்கொள்வான். முன்பற்களுக்குப் பின்னால், மேலண்ணத்துக்கு மேலே நாய்க்கு இன்னொரு மோப்ப உறுப்பும் உண்டு. அதை விவரித்த டென்மார்க் மருத்துவரின் பெயரால் ஜேக்கப்சன் உறுப்பு என்கிறார்கள். ஈரத்தில் கரைந்த சேதிகளை அந்த உறுப்புக்கு ஏற்றிவிடத்தான் இந்தப் பல்லடிப்பு.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் இன்னொன்றைக் கவனித்தார்கள். உருவில் சிறிய ஆண் நாய்கள், பெரியவற்றைவிடக் காலை அதிகம் சாய்த்துத் தூக்குகின்றன. அடையாளம் உயரத்தில் விழுந்தால், அடுத்து வருகிற நாய், விட்டவனைப் பெரிய ஆளாக நினைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் என்னை அசத்தியது நார்வே ஆய்வாளர்கள் 1993இல் வெளியிட்ட ஆய்வு. புல்லில் 20 நிமிடத்துக்கு முன்னும் கான்கிரீட்டில் 3 நிமிடத்துக்கு முன்னும் ஒருவர் நடந்துபோன தடத்தின் குறுக்கே பழக்கிய நாய்களைக் கொண்டுவந்தார்கள். நடந்தவர் எந்தப் பக்கம் போனார்? நாய்கள் ஐந்து காலடிகளுக்குள் முகர்ந்து சரியாகத் திரும்பின. முதல் காலடிக்கும் ஐந்தாவதற்கும் இடையே இருப்பது இரண்டு மூன்று நொடி. அந்த இரண்டு மூன்று நொடி கூடுதலாக ஆறிய மணம் எது, குறைவாக ஆறியது எது என்று அந்த மூக்கு பிரித்துச் சொல்கிறது!

இதைப் படித்த பிறகு நான் கயிற்றை இழுப்பதில்லை. தெருக்களையும் வேறு மாதிரி பார்க்கிறேன். மரத்தடி மண், ஓரத்துப் புல், நிழல் இவை உள்ள தெருவில் கருப்பனுக்குப் படிக்க நிறைய இருக்கிறது. ஓரம்வரை சிமெண்ட் பூசிய தெருவில் விறுவிறுவென்று போய்விடுகிறான். வெயில் நேரத்தில் அங்கே கூட்டிப்போகவே கூடாது. தார்ச்சாலையில் புறங்கையை 7 நொடி வைத்துப் பாருங்கள்; உங்களுக்குச் சுட்டால் நாயின் பாதத்துக்கும் சுடும்.

நேற்றுக் காலை, கம்பத்தில் தன் பங்கை எழுதிவிட்டுக் கருப்பன் நகர்ந்தான். டீக்கடை வாசலில் படுத்திருந்த தெருநாய் எழுந்தது. கருத்தடை செய்ததற்கு அடையாளமாகக் காது நுனி வெட்டப்பட்ட, நரைத்த பெண் நாய். நாங்கள் பத்தடி தள்ளிப் போகும்வரை பொறுத்திருந்து, நேராக வந்து அதே கம்பத்தில் மூக்கை வைத்தது.