உங்களுக்குத் தெரியுமா? கடையில் வாங்கும் ‘பச்சை’ முந்திரி பச்சையே அல்ல!

மசாலா முந்திரிக்காக நீங்கள் வாங்கிவரும் வெள்ளைப் பருப்பு ஏற்கெனவே ஒருமுறை சூடு கண்டதுதான். முந்திரிக்கொட்டை ஓட்டில் ஊறியிருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளம் போடும். அதனால் ஆவியில் வேகவைத்தோ வறுத்தோதான் ஓட்டை உடைக்கிறார்கள்.

• அந்த எண்ணெயும் வீணாவதில்லை. பெயின்ட், வார்னிஷ், ஏன், வண்டியின் பிரேக் லைனிங் வரை போகிறது!

• மாமரமும் பிஸ்தாவும் முந்திரிக்குச் சொந்தக்காரர்கள். மூன்றும் ஒரே தாவரக் குடும்பம்.

• வாணலியில் இருக்கும்வரை முந்திரி மெத்தென்றுதான் இருக்கும். மொறுமொறுப்பு ஆறியபின்தான் வரும். இது தெரியாமல் ‘இன்னும் கொஞ்சம்’ என்று வறுத்தே பலர் கருக்கிவிடுகிறார்கள். இறக்கிய பிறகும் உள்சூட்டில் நிறம் ஏறும். எனவே, சிறுதீயில் வறுத்து, இளம்பொன் நிறம் தட்டியதுமே அகலமான தட்டில் கொட்டிவிடுங்கள்.

• மிளகாய்த்தூள் அடுப்பில் இருந்தால் நொடியில் கருகிக் கசக்கும். தட்டில் கொட்டிய முந்திரி சூடாக இருக்கும்போதே ஒரு ஸ்பூன் நெய், மிளகாய்த்தூள், உப்பு போட்டுப் பிரட்டுங்கள். கல்லுப்பு ஒட்டாமல் உதிரும், பொடியுப்பே சரி. பொரித்த கறிவேப்பிலையை மேலே நொறுக்கிப் போடலாம். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

• சூட்டோடு டப்பாவில் அடைத்து மூடினால், உள்ளே ஆவி வியர்த்து எல்லாம் நமுத்துப்போகும்.